மச்சான் பெயரில் ஒரு மனை

வக்கீல் செங்கா எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினொரு தாள்கள் இருந்தன. முதலாவது கல்யாணச் சான்றிதழ். அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். கல்யாணம் முப்பத்தொரு வருஷப் பழசு, சான்றிதழ் மட்டும் புத்தம் புதுசாக வேண்டும். சேர்த்து வைக்கும்போது ஒரே ஒரு தாளோடு விட்டவர்கள், பிரித்து விடுவதற்குப் பதினொன்று கேட்கிறார்கள். தாரிங்கா பட்டியலை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. நிக்ஷிச் நகரில் ஒரு மழலையர் பள்ளியில் சமையல் வேலை. நூற்றிருபது பிள்ளைகளுக்குத் தினமும் சூப்பும் ரொட்டியும் அவள் கையால்தான். கணவன் மிலுத்தின் போன வசந்தத்தில் தலைநகரில் இன்னொருத்தியோடு குடியேறிவிட்டான். போனவன் போனதோடு ஒழிந்திருந்தால் தாரிங்கா எந்த வக்கீல் வாசலையும் மிதித்திருக்க மாட்டாள். செப்டம்பரில் அவனுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீடு மிலுத்தினின் தனிச் சொத்து, விவாகரத்து ஆனதும் காலி செய்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. பதினேழு வருஷமாக அவள் துடைத்த ஜன்னல், அவள் பூசிய சுவர். கடிதத்தை அடுப்பங்கரையில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதே அர்த்தம்தான் வந்தது.

"கல்யாணத்துக்கப்புறம் சேர்ந்து வாங்கினதுல பாதி உங்களுதுக்கா. அதுல சந்தேகமே இல்ல" என்றாள் செங்கா. அவள் வயதில் சின்னவள், பேச்சில் வேகமானவள். "ஆனா அவரு என்ன சொல்றாரு பாருங்க. சுத்தோமோரேல கடற்கரையோரம் ஒரு மனை இருந்துச்சு, அது எனக்கு மட்டும் தானமா வந்தது, அதை வித்துத்தான் இந்த வீட்டை வாங்கினேன்கிறாரு. தானமா வந்தது தனிச் சொத்து. அதை வித்து வாங்கினதும் தனிச் சொத்து. சட்டம் அப்படித்தான் இருக்கு."

"அந்த மனை அவரோட சித்தப்பா குடுத்ததுன்னு சொன்னாரு."

"பத்திரத்தைப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? புருஷன் சொன்னாரு, சரின்னேன்."

செங்கா பேனாவால் பட்டியலின் அடியில் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தாள். "சரி. இப்பப் பாருங்க. அந்தத் தானப் பத்திரத்தோட நகல் வேணும்."

அக்டோபரும் நவம்பரும் தாள் சேர்ப்பதிலேயே போயின. பிறப்புச் சான்று, சம்பளச் சான்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வூதியத்துக்குக் கட்டிய கணக்கு, வீட்டு வரி, மின்சார ரசீது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் காப்பிக்குப் போயிருக்கும் ஒரு நாற்காலி. தாரிங்கா மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையில் வெங்காய வாசனை போகாமலே ஓடி வரிசையில் நிற்பாள். வாங்கிய தாள்களை வீட்டில் வைக்கவில்லை. மிலுத்தினிடம் இன்னும் ஒரு சாவி இருந்தது. துளையிடும் மெஷினை எடுக்க வந்தேன், குளிர்கால பூட்ஸை எடுக்க வந்தேன் என்று நினைத்தபோது வந்து இழுப்பறைகளைக் குடைந்துவிட்டுப் போவான். அதனால் எல்லாம் பள்ளிச் சமையலறையில், பீன்ஸ் மூட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தை இப்படி ஒளித்து ஒளித்துச் சேர்க்கும்படி ஆனதில் அவளுக்கு வெட்கமும் கோபமும் மாறி மாறி வந்தன.

தானப் பத்திரத்துக்கு மட்டும் ரயிலேறிக் கடற்கரைக்குப் போக வேண்டியிருந்தது. நிலப் பதிவு அலுவலகத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார்.

"எந்த மனைம்மா? கடலைப் பாத்ததா, தண்டவாளத்தைப் பாத்ததா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் அதைப் பாத்ததே இல்ல."

"உங்க வீட்டு மனைய நீங்க பாக்கலியா?" என்று அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, கிண்டலை விட்டுவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு நகலோடு வந்தார். "இந்தாங்க. 2004 மே மாசம். குடுத்தவர் வேல்கோ, வாங்கினவர் மிலுத்தின்."

தாரிங்கா காதில் விழுந்ததை நம்பாமல் தாளை வாங்கிப் படித்தாள். வேல்கோ. அப்பா பெயர், பிறந்த ஊர், எல்லாம் சரியாக இருந்தன. அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். 'என் தங்கையின் கணவர் மிலுத்தினுக்கு, அன்பினாலும் மதிப்பினாலும், எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல்' என்று எழுதியிருந்தது. தங்கையின் பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பத்திரத்துக்கு ஏழு மாதம் முன்புதான் அப்பாவின் வாரிசு விசாரணை நடந்தது. எங்கள் பக்கத்தில் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. நீதிபதி கேட்பார், பெண் எழுந்து நின்று "அண்ணனுக்கே" என்பாள், எழுத்தர் தட்டச்சு செய்வார், எல்லோரும் கீழே இறங்கிப் போய்க் காப்பி குடிப்பார்கள். பங்கு வேண்டும் என்று சொன்னவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அத்தோடு சரி. தாரிங்காவும் "அண்ணனுக்கே" என்றாள், என்னென்ன சொத்து இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் அண்ணன் ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மாவின் சாவுக்குப் போனபோது கை கொடுத்து "வந்தியா" என்றான், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தங்கையை உதறிவிட்டான் என்று அவள் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது. அவளும் போவதை நிறுத்தினாள். இருபது வருஷமாகிவிட்டது.

செங்கா நகலைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. கடலோர மனைய மச்சானுக்கு அன்பினால குடுத்த ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன். இது உங்க பங்கு. உங்க அண்ணன் உங்களுக்குக் குடுத்ததை இவரு பேருல வாங்கிட்டாரு."

"அப்ப பாதி எனக்கு வருமா?"

"அண்ணன் வந்து இது என் தங்கச்சிக்காகக் குடுத்ததுன்னு வாக்குமூலம் குடுக்கணும். அது மட்டும் போதாது." செங்கா சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தாள். "அவங்க வக்கீல் கேப்பாரு, இருபது வருஷமா இந்த அம்மாவுக்கு இது தெரியுமான்னு. தெரிஞ்சும் வாயத் தொறக்கலன்னா, புருஷனுக்கே இருக்கட்டும்னு நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிடும். உங்களுக்குத் தெரியாதுன்னு நிரூபிக்க இருக்கிற ஒரே ஆளு அண்ணன்தான். தங்கச்சிகிட்ட நான் சொல்லலன்னு அவரு எழுதிக் குடுக்கணும். ஜனவரி பத்தாம் தேதி விசாரணை. அதுக்குள்ள வேணும்."

அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு அவள் டிசம்பர் இருபதைத் தேர்ந்தெடுத்தாள். பத்தொன்பதாம் தேதி அவர்கள் குடும்பத்துப் புனிதரான நிக்கோலாஸின் நாள். அந்த நாளுக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. வர வேண்டியவர்கள் தாங்களாகவே வருவார்கள், வராதவன் பகையாளி. வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பவும் முடியாது. முதல் நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், இரண்டாம் நாள் மிச்சம் மீதிதான். தாரிங்கா அதைக் கணக்குப் பண்ணித்தான் போனாள். கையில் ஒரு பாட்டில் ஒயின், பைக்குள் பத்திரத்தின் நகல்.

அண்ணி ஸ்லாவ்காதான் கதவைத் திறந்தாள்.

"அடேயப்பா! ரெண்டாம் நாளாச்சும் வழி தெரிஞ்சுதே" என்றாள். குரலில் குத்தல் இருந்தாலும் கை தாரிங்காவின் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டது. "உள்ள வா. மீன் இருக்கு, பீன்ஸ் இருக்கு. கிறிஸ்துமஸ் விரதம்னால கறி இல்ல."

வேல்கோ எழுந்து நின்றான். அறுபத்து மூன்று வயது. இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், முட்டி தேய்ந்து போனவன். புனிதர் நாளில் விருந்தாளி முன்னால் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. இரண்டாம் நாள் அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆனாலும் அவன் மேஜையைப் பிடித்தபடி நின்றான். அவள் நகலை எடுத்து மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன அண்ணா?"

அவன் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான். முகம் கறுத்தது. "உன் பங்கு. வேற என்ன? நல்ல நாளும் அதுவுமா இதைத் தூக்கிட்டு வரணுமா?"

"என் பங்கா?"

"என்னமோ புதுசா கேக்குற மாதிரி கேக்குற! உன் புருஷன் இதே மேஜைல உக்காந்துதானே சொன்னான். தாரிங்கா தெனமும் அழுவுறா, கோர்ட்டுல நாலு பேர் முன்னால வெக்கப்பட்டு வேணாம்னுட்டா, வீட்டுக்கு வந்து மனசு ஆறலன்னான். நீங்க இதப்பத்தி அவகிட்ட வாயத் தொறக்காதீங்க, கூனிக் குறுகிப் போயிடுவான்னான்."

"நான் ஒரு நாளும் அழல அண்ணா. நான் யாரையும் அனுப்பல. அந்த மனை அவனோட சித்தப்பா குடுத்ததுன்னுதான் எனக்குத் தெரியும்."

ஸ்லாவ்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வேல்கோ தாளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா?" என்றான் கடைசியில், யாரிடமோ சொல்வது போல. "வெளிய பெருமையா வேணாம்னு சொல்லிட்டு, பின்வாசல் வழியா ஆள் அனுப்புறாளேன்னு. குடுத்துத் தொலைச்சேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல."

"ஏன் என் பேருல எழுதல?"

"உன் பேருல எழுதினா தங்கச்சி பங்கு வாங்கிட்டான்னு ஊரெல்லாம் தெரிஞ்சுடாதா? உன் மானத்தக் காப்பாத்தத்தான்டி அவன் பேருல எழுதினேன்!"

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு ஆண்கள் இந்த மேஜையில் உட்கார்ந்து அவளுடைய நிலத்தை முடித்திருக்கிறார்கள். பிராந்தியும் குடித்திருப்பார்கள். அவள் அப்போது வீட்டில் மிலுத்தினின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

வேல்கோ கோட்டை எடுக்கப் போனான். "எங்க இருக்கான் அவன்? முகவரியக் குடு."

"எனக்கு உன் கை வேணாம் அண்ணா. உன் கையெழுத்து வேணும்."

அவள் செங்கா சொன்னதையெல்லாம் சொன்னாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பது, ஜனவரி பத்து, வாக்குமூலம். அவன் பாதியிலேயே குறுக்கிட்டான்.

"இவ்வளவு எதுக்கு? மேல் மாடி காலியாத்தான் கெடக்கு. நாளைக்கே மூட்டையக் கட்டிட்டு வா. இது உன் பிறந்த வீடு."

"வர மாட்டேன். எனக்கு ஐம்பத்து நாலு வயசாச்சு. எந்தத் தாள்லயும் என் பேருல ஒரு கதவு கிடையாது. எனக்கு அந்தக் கதவு வேணும்."

வேல்கோ கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். பிறகு, எழுதித் தருகிறேன், அந்த மனை தங்கைக்காகக் கொடுத்தது என்று எழுதித் தருகிறேன் என்றான். ஆனால் அவளிடம் சொல்லவில்லை என்று மட்டும் எழுத மாட்டேன் என்றான்.

"நான் சொன்னேன். மிலுத்தின்கிட்ட சொன்னேன். புருஷன்கிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரிதான்."

"என்கிட்ட சொன்னியா?"

"வேல்கோ கூடப் பிறந்தவள ஒரு வார்த்தை கேக்காம, வந்தவன் பேச்சக் கேட்டு ஏமாந்தான்னு கோர்ட்டுல படிக்கணுமா? இரும்பாலையில என்கூட வேலை பாத்தவன் பாதிப் பேரு அந்தக் கோர்ட்டு வாசல்லதான் உக்காந்திருக்கான்."

"அப்ப எனக்கு வீடு போகட்டும்ங்கிற."

"அப்படி நான் சொல்லல."

அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஸ்லாவ்கா ஒரு பொட்டலத்தில் மீனும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அவருக்குத் தலைக்கனம். முட்டி தேஞ்சும் அது மட்டும் தேயல" என்று காதோடு சொன்னாள்.

எட்டு நாள் கழித்து வேல்கோ போன் செய்தான். நோட்டரியிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், வரைவையும் கொடுத்துவிட்டேன், என் வார்த்தையில்தான் இருக்கிறது என்றான். செங்கா வரைவை வாங்கிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது இல்லாமப் போறதே மேல். 'தங்கைக்குத் தெரிவித்துள்ளேன்'னு ஒரு வரி இருக்கு. இதோட போனா அவங்க கையில நாமளே கத்தியக் குடுத்த மாதிரி." தாரிங்காவுக்கு அன்று இரவு தூக்கமே இல்லை. ஆனாலும் காலையில் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு செங்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். இருபது வருஷத்தில் அண்ணன் அவளை அழைத்த முதல் இடம் அது. போகாமல் இருக்க மனம் வரவில்லை.

நோட்டரி வெள்ளைத் தலை அம்மாள், நாற்பது வருஷம் இதே வேலை. எழுதிய வாக்குமூலத்தைக் கொடுப்பவர் காதுபட முழுவதும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான நோட்டரிகள் அதை மூச்சு விடாமல் முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். இந்த அம்மாள் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பெயர், அப்பா பெயர், மனையின் எண், அளவு. 'மேற்படி மனையை என் தந்தையின் சொத்தில் என் தங்கை தாரிங்காவுக்குச் சேர வேண்டிய பங்காகவே கொடுத்தேன்.' வேல்கோ தலையை ஆட்டினான். அவனுடைய நல்ல கோட்டைப் போட்டு, டையும் கட்டி வந்திருந்தான்.

"'இதை என் தங்கைக்குத் தெரிவித்துள்ளேன்'" என்று படித்துவிட்டு அந்த அம்மாள் நிறுத்தினார். "இதுக்குத் தேதி இல்லையே. எப்பத் தெரிவிச்சீங்க?"

"அப்பவே" என்றான் வேல்கோ.

"அப்பவேன்னா எழுத முடியாதுங்க. பொய் வாக்குமூலம் குற்றம்னு மேலயே எச்சரிக்கை இருக்கு, படிச்சேன். தேதி நினைவில்லன்னா பரவாயில்ல. எந்தச் சந்தர்ப்பம், எங்க பாத்தீங்க, அதச் சொல்லுங்க."

வேல்கோ யோசித்தான். நெற்றியைத் தடவினான். "அம்மா சாவுக்கு வந்தா" என்றான்.

"அன்னைக்கா சொன்னீங்க?"

"இல்ல. அன்னைக்கு 'வந்தியா'ன்னு கேட்டேன்."

"அதுக்கப்புறம்?"

அவன் விரல்களை மடக்கினான். ஒரு விரல் மடங்கியது, அடுத்ததை மடக்கப் போய் அப்படியே நின்றது. தாரிங்கா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவி செய்யக்கூட முடியாது, அவளிடமும் ஒரு நாள் இல்லை. அண்ணன் மகன் கல்யாணம் அவளுக்குச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரியும். அவளுக்கு ஆபரேஷன் ஆனது அவனுக்குத் தெரியவே தெரியாது. நோட்டரி பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"அந்த வரிய எடுத்துடுங்க" என்றான் வேல்கோ.

"எடுத்துட்டா அந்த இடத்துல?"

"கேக்கலன்னு எழுதுங்க."

"சட்டப்படி, 'தெரிவிக்கவில்லை'ன்னு..."

"தெரிவிக்கலன்னும் எழுதுங்க. கேக்கலன்னும் எழுதுங்க. மிலுத்தின் சொன்னத அப்படியே நம்பினேன். அவளுக்கு வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்தை அவகிட்ட கேக்கல. இருபது வருஷம் கேக்கல. நல்லாயிருக்கியான்னுகூடக் கேக்கல. எல்லாத்தையும் எழுதுங்க, அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நோட்டரி அம்மாள் கடைசி வரி நீதிமன்றத்துக்குத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். புதிதாக எழுதியதால் சட்டப்படி மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். படித்தார். அந்த இடம் வந்தபோதும் குரலை இறக்கவில்லை. வேல்கோ நாற்காலியை விட்டு எழுந்து, தேய்ந்த முட்டியோடு, நின்றபடியே கேட்டான். செங்கா தாரிங்காவின் கையைப் பிடித்து, "போதும்கா, வீடு நின்னுடும்" என்று கிசுகிசுத்தாள். தாரிங்காவுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், துடைக்கக்கூடத் தோன்றாமல்.

வேல்கோ கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டான். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மேஜையைப் பார்த்தபடி, "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல அண்ணா" என்றாள் தாரிங்கா.